அளவறிந்து கட்டுவோம்
(சங்க இளைஞர் பயிலரங்கில் ஆற்றிய உரை)





இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வந்துள்ளது. எழுத்துக்கு இணையான மற்றொரு கண் எண் என்பதை நாம் அறிவோம். அந்த எண்ணறிவு வாழ்க்கையில் எவ்விடத்தில் வந்து நிற்கிறது என்பதை, கட்டட வேலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று உங்கள்முன் விளக்க முற்படுகிறேன். மண், மணல், ஜல்லி, செங்கல், சிமெண்டு ஆகியவை எவ்வளவு வேண்டும், எவ்வளவு வந்தன, எவ்வளவு செலவாயின என்று கணக்கிடும் கலையே என் பொருள்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நாட்டில் எழும்பும் கட்டடங்களில் வானம் தோண்டியவரும், கல் சுமந்தவரும், கலவை குழைத்தவரும் பெரும்பாலும் நம்மவரே. ஆயினும் அளவு நாடாவும் அளவுப் புத்தகமும் நெடுங்காலம் நம் கைக்கு எட்டாமல் இருந்தன. குத்தகை அளக்க ஒரு மரக்கால், கூலி அளக்க வேறொரு மரக்கால் என்றிருந்த காலத்தை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அளப்பவன் கை எங்கே இருந்ததோ, அங்கேதான் ஆதாயமும் இருந்தது. ஆகவே அளவை அறிவது வெறும் தொழில்நுட்பம் அன்று. நம் உழைப்பின் பயனைக் காத்துக்கொள்ளும் வழியும் ஆகும்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியலமைப்பின் சிற்பியாக உலகம் அறியும். அவரே 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகப் பணியாற்றினார். பாசனமும் மின்சாரமும் அப்போது அவருடைய துறையில் அடங்கியிருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் தொடக்க வேலைகளிலும், 1945இல் மத்திய நீர்வழி, பாசன ஆணையம் அமைக்கப்பட்டதிலும் அவர் பங்கு பெரிது. அணையும் கால்வாயும் கன அளவுக் கணக்கின்றி எழுவதில்லை. அவர் வழி நடக்க விரும்பும் நாம் இக்கணக்கைக் கடினமென்று ஒதுக்கலாகாது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் சங்கம் ஒரு படிப்பகம் எழுப்ப எண்ணியுள்ளது. அதற்குச் சேரும் பணம் கூலி வேலை செய்வோர் தம் ஒருநாள் ஊதியத்தைப் பகிர்ந்து கொடுப்பது. அதில் ஒரு ரூபாயும் வீணாகலாகாது. எனவே அப்படிப்பகத்தையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம். உள்நீளம் 20 அடி, உள்அகலம் 12 அடி, சுவர் 9 அங்குலக் கனம், உயரம் 10 அடி என்று கொள்வோம்.

வானம் தோண்டும் கணக்கு

நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு. பரப்பை உயரத்தாலோ ஆழத்தாலோ பெருக்கினால் கன அளவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் எந்த நீளத்தை எடுப்பது என்பதில்தான் சிக்கல்.

கடைக்காலுக்கு 3 அடி அகலம், 4 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். குழியின் வெளிப்புறத்தைச் சுற்றி அளந்தால் 79 அடி வரும்; அதன்படி 948 கன அடி. உட்புறத்தைச் சுற்றி அளந்தால் 55 அடி. அதன்படி 660 கன அடி. ஒரே குழிக்கு இரண்டு கணக்கு! முன்னதில் நான்கு மூலைகளும் இருமுறை எண்ணப்படுகின்றன; பின்னதில் அவை விடுபட்டே போகின்றன. சுவரின் நடுக்கோட்டைச் சுற்றி அளப்பதே சரியான வழி. நீளவாட்டில் 20¾ அடி இருமுறை, அகலவாட்டில் 12¾ அடி இருமுறை. ஆக மொத்தம் 67 அடி. அதை 3ஆலும் 4ஆலும் பெருக்க 804 கன அடி. இதுவே உண்மை.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு பக்கமும் 144 கன அடி தவறுகிறது. 100 கன அடியை ஒரு யூனிட் என்பது வழக்கம். ஆகவே ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மண். பணம் கொடுப்பவர் வெளியளவை ஏற்றால் அவருக்கு நட்டம். தோண்டுபவர் உள்ளளவை ஏற்றால் அவர் உடல் உழைத்தது வீண். நடுக்கோட்டு அளவு இருவருக்கும் நியாயம் செய்கிறது.

மண்ணுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. நிலத்தில் இறுகிக் கிடந்த மண்ணை வெட்டி மேலே போட்டால் அது தளர்ந்து பெருகும். சாதாரண மண் நான்கில் ஒரு பங்கு அளவுக்குப் பெருகுவது இயல்பு. அவ்வாறாயின் 804 கன அடிக் குழியிலிருந்து 1,005 கன அடி மண் மேலே வரும். அதையே கரையில் கொட்டி நீர் தெளித்து இடித்து இறுக்கினால் மீண்டும் சுருங்கும். ஆகவே தோண்டும் கூலி குழியளவிலா, சுமக்கும் கூலி தளர்ந்த அளவிலா, நிரப்பும் கூலி இறுகிய அளவிலா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசித் தெளிந்துகொள்ள வேண்டும். வேலை முடிந்தபின் எந்த அளவு தமக்கு ஆதாயமோ அதைப் பிறர் எடுத்துக்கொள்ள விட்டுவிடக் கூடாது.

மேடுபள்ளமான நிலத்தில் தோண்டும்போது குழியின் நடுவே ஆங்காங்கே சிறு மண் திட்டுகளைத் தோண்டாமல் விட்டுவைப்பர். பழைய தரைமட்டம் எங்கிருந்தது என்பதற்கு அத்திட்டுகளே சாட்சி. ஆழத்தைப் பல இடங்களில் அளந்து சராசரி காண அவை உதவும். அளவு எடுத்து எழுதும்வரை அவற்றை வெட்டலாகாது. வெட்டிவிட்டால் நம் உழைப்புக்குச் சாட்சி இல்லாமற் போகும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் நடந்த வேலைகளில், நாள் முழுதும் உழைத்தும் கூலி குறைந்தது ஏன் என்று பல தாய்மார்கள் கேட்டதுண்டு. தோண்டிய மண்ணின் கன அளவைக் கொண்டு கூலி கணக்கிடப்பட்டதே அதற்குக் காரணம். அளவை அறிந்திருந்தோர் கேள்வி கேட்டனர். அறியாதோர் கொடுத்ததைப் பெற்றுச் சென்றனர்.

செங்கல் கணக்கு

இனிச் சுவருக்கு வருவோம். 67 அடி நீளம், 10 அடி உயரம், முக்கால் அடிக் கனம். ஆக 502½ கன அடி. இதில் வாசலுக்கும் சன்னலுக்கும் உரிய இடத்தைக் கழிக்க வேண்டும். 3 அடிக்கு 7 அடி அளவில் ஒரு கதவு, 4 அடிக்கு 4 அடி அளவில் மூன்று சன்னல்கள். அவற்றின் பரப்பு 69 சதுர அடி. சுவர்க் கனத்தால் பெருக்கக் கிட்டத்தட்ட 52 கன அடி. அதைக் கழித்தால் மீதி 451 கன அடி. வெறும் வெளிக்குச் செங்கல் வாங்குவதும், வெறும் வெளிக்குக் கட்டுகூலி கொடுப்பதும் பொதுப்பணத்தை வீணாக்குவதாகும்.

9 அங்குல நீளம், 4¼ அங்குல அகலம், 3 அங்குல உயரம் உள்ள செங்கல்லைச் சுமார் மூன்று அரைக்கால் அங்குலக் கலவையில் பதித்து 9 அங்குலச் சுவர் கட்டினால், ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 12 கற்கள் பிடிக்கும். 451 கன அடிக்கு 5,412 கற்கள். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 5,700 என்று முடிவு செய்யலாம்.

ஆனால் சூளைக்குச் சூளை கல்லின் அளவு மாறும். கல்லின் உயரம் 3 அங்குலத்திற்குப் பதிலாக 2¾ அங்குலமாக இருந்தால் என்ன ஆகும்? கால் அங்குலந்தானே என்று எண்ணத் தோன்றும். 10 அடி உயரச் சுவரில் ஏறக்குறைய மூன்று வரிசை கூடுதலாக வைக்க நேரும். நம் படிப்பகத்திற்கு அது நானூறு கற்களுக்கும் மேல். கற்களின் எண்ணிக்கை கூடும். அவற்றுக்கிடையே கலவை கூடும். கொத்தனாரின் நேரமும் கூடும். ஆயிரம் கல் என்ன விலை என்று கேட்பதற்கு முன், பத்துக் கற்களை எடுத்து வரிசையாக வைத்து அளந்து பாருங்கள். ஒரு கல்லை அளந்தால் ஏமாறலாம். பத்துக் கல்லின் சராசரி பொய் சொல்லாது.

கலவை சுருங்குவது ஏன்?

சுவரின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு கலவை ஆகும். நம் சுவருக்கு அது 90 கன அடி. அதற்கு 90 கன அடி சிமெண்டும் மணலும் போதுமா? போதா. இதற்கு விளக்கம் நம் வீட்டு அடுப்படியிலேயே உள்ளது. ஒரு படி கொண்டைக்கடலையையும் ஒரு படி கேழ்வரகையும் கலந்து அளந்து பாருங்கள். இரண்டு படி வராது. கடலையின் இடைவெளிகளில் கேழ்வரகு புகுந்துவிடும். அவ்வாறே மணலின் இடைவெளியில் சிமெண்டு புகும். ஜல்லியின் இடைவெளியில் மணல் புகும். நீர் ஊற்றினால் அனைத்தும் இறுகும்.

ஆகவே 100 கன அடிக் கலவைக்கு 130 கன அடி உலர்ந்த பொருள் வேண்டும் என்று கொள்வது வழக்கம். நம் 90 கன அடிக்கு 117. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்றால் மொத்தம் ஏழு பங்கு. ஒரு பங்கு கிட்டத்தட்ட 17 கன அடி. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்று ஏறக்குறைய 1¼ கன அடி. எனவே சிமெண்டு 14 மூட்டை. மணல் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட்.

மேல்தளக் கான்கிரீட்டுக்கும் இதே முறைதான். தளத்தின் கனத்தையும் கம்பியின் அமைப்பையும் பொறியாளரே குறிக்க வேண்டும்; அதில் நம் ஊகத்திற்கு இடமில்லை. அவர் 6 அங்குலக் கனம் குறித்தார் என்று கொண்டால், வெளியளவு 21½ அடிக்கு 13½ அடி. கன அளவு 145 கன அடி. கான்கிரீட்டில் ஜல்லியும் சேர்வதால் சுருக்கம் மிகுதி. 100 கன அடிக்கு ஏறத்தாழ 154 கன அடி உலர்ந்த பொருள் தேவை. நமக்கு 223 கன அடி. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்னும் விகிதத்தில் மொத்தம் ஐந்தரைப் பங்கு. சிமெண்டு 33 மூட்டை, மணல் 61 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 122 கன அடி என்று கணக்கு முடிகிறது.

விகிதம் தாளில் இருந்தால் போதாது. பாண்டிலும் இருக்க வேண்டும். பாண்டுக்குப் பாண்டு அளவு வேறு. தலை தட்டிப் போடுவது வேறு, குவித்துப் போடுவது வேறு. ஆகவே ஓரடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் அடியும் மூடியும் இல்லாத மரப்பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். அது ஒரு மூட்டைச் சிமெண்டின் அளவு. அந்தப் பெட்டியால் மணலையும் ஜல்லியையும் அளந்து போட்டால் விகிதம் வழுவாது. தண்ணீரும் அளவுக்குட்பட்டதே. இவ்விகிதத்துக்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாதென்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 456ஆம் எண் தரவிதி கூறுகிறது. கொட்டுவதற்கு எளிதாயிருக்கிறதே என்று நீரைக் கூட்டினால் தளத்தின் வலிமை குன்றும். அதன் கீழே அமர்ந்து படிக்கப் போகிறவர்கள் நம் பிள்ளைகள் என்பதை மறவாதீர்கள்.

ஈர மணலின் மாயம்

மணல் வாங்குவோர் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. சற்றே ஈரமான மணல், உலர்ந்த மணலைவிட அதிக இடத்தை அடைக்கும். ஒவ்வொரு மணல்துகளையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் படிந்து துகள்களை விலக்கி நிறுத்துவதே அதற்குக் காரணம். நான்கில் ஒரு பங்கு வரை, சில நேரங்களில் அதற்கு மேலும் பெருகும். நன்றாக நீரில் மூழ்கிவிட்டாலோ அப்பெருக்கம் மறைந்துவிடும்.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நேரான பக்கங்களுடைய கண்ணாடிக் குவளை ஒன்றில் ஈர மணலைத் தளர்வாக 15 சென்டிமீட்டர் உயரத்திற்குப் போடுங்கள். மணல் மூழ்கும்வரை நீர் ஊற்றி ஒரு குச்சியால் கிளறி, படியவிடுங்கள். மணல் 12 சென்டிமீட்டருக்கு இறங்கினால், 12க்கு 3, அதாவது நூற்றுக்கு 25 பெருக்கம். அந்த மணலில் 100 கன அடிக்கு விலை கொடுத்தால், நமக்கு உண்மையில் கிடைப்பது 80 கன அடியே.

நம் சுவருக்கும் தளத்துக்கும் தேவையான மணல் 161 கன அடி. இத்தகைய ஈர மணலாயின் 201 கன அடி வாங்கினால்தான் கணக்குச் சரியாகும். கலவை போடும்போதும் பெட்டியளவில் அதற்கேற்ப மணலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மணலில் உள்ள ஈரத்தைத் தண்ணீர்க் கணக்கில் கழித்துக்கொள்ளவும் வேண்டும்.

லாரியும் குவியலும்

லாரியில் வரும் பொருளை இறக்குமுன் அளக்க வேண்டும். இறக்கியபின் வாதம் செய்து பயனில்லை. பெட்டியின் உள்நீளம், உள்அகலம் இரண்டையும் நாடாவால் அளந்து, மேற்பரப்பைச் சமன்செய்யச் சொல்லி, கம்பியைப் பல இடங்களில் அடித்தட்டு வரை செருகி உயரத்தின் சராசரி காணுங்கள். 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள பெட்டியில் உயரம் 3 அங்குலம் தாழ்ந்தாலே 18 கன அடி குறைந்துவிடும். எடைக்கு வாங்கினால் எடைமேடைச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். 35.3 கன அடி ஒரு கன மீட்டர் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு மெட்ரிக் அளவைக்கு மாறியது. சந்தையோ இன்னும் அடியில் பேசுகிறது. இரண்டு மொழியும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கூம்பாகக் குவித்துள்ள ஜல்லியை அளப்பதற்கும் வழியுண்டு. அடிவட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும் என்னும் முறை, கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணக்கு நூலிலேயே உள்ளது. அப்பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் குவியலின் கன அளவு. சுற்றளவு 44 அடி, உயரம் 4 அடி எனில், 22ஐ 7ஆல் பெருக்க 154. அதை 4ஆல் பெருக்கி 3ஆல் வகுக்க 205. இரண்டு யூனிட் சரக்கு என்று துணிந்து சொல்லலாம்.

கம்பிக்கு ஒரு சுருக்கு வழி: விட்டத்தை மில்லிமீட்டரில் கொண்டு, அதை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர்க் கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுக்க 0.889 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறத்தாழ 10.7 கிலோ. கட்டில் எத்தனை கம்பிகள் என்று எண்ணிவிட்டால் எடைச்சீட்டைச் சரிபார்த்துவிடலாம்.

எழுதி வைத்தலே காப்பு

கடைக்கால் கட்டுமானமும் பூச்சு வேலையும் இதே வழியில் கணக்கிடத் தக்கனவே. ஆகவே அவற்றை விரிக்கவில்லை. முடிவாக ஒன்றை மட்டும் வற்புறுத்த விரும்புகிறேன். அளந்தால் போதாது, அளந்ததை அளந்த இடத்திலேயே எழுத வேண்டும். பொதுப்பணித் துறையின் அளவுப் புத்தகத்தில் பக்கங்களுக்கு எண் இட்டிருப்பர்; மையால் எழுதுவர்; பிழையானால் சுரண்டி அழிக்க மாட்டார்கள்; குறுக்கே அடித்துத் திருத்திக் கையொப்பமும் தேதியும் இடுவர். நம் சங்கத்தின் புத்தகமும் அப்படியே இருக்கட்டும். நாள், வண்டி, பொருள், நீளம், அகலம், உயரம், அளந்தவர் பெயர், உடனிருந்தவர் பெயர் ஆகிய அனைத்தும் அதில் ஏறட்டும். உறுப்பினர் எவரும் எப்போதும் அதைப் பார்க்க உரிமை இருக்கட்டும்.

இளைஞர்களே, பிறர் நம்மை ஏமாற்றாதிருக்க மட்டும் இவ்வறிவு பயன்படுவதன்று. நாளை உங்களில் ஒருவர் மேற்பார்வையாளராகலாம், ஒப்பந்தக்காரராகலாம், பொறியாளராகலாம். அப்போது குழியில் நிற்கும் ஏழையின் உழைப்பை அளக்கும் நாடா உங்கள் கையில் இருக்கும். அந்த நாடாவை நேராகப் பிடிப்பதே நாம் பெற்ற கல்விக்கு அடையாளம். நமக்குக் குறைத்து அளந்தார்கள் என்பதற்காக நாம் யாருக்கும் குறைத்து அளக்கலாகாது.

எனவே இவ்வெள்ளி விழா ஆண்டில் சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். படிப்பகத்தின் அளவு மதிப்பீட்டைப் பத்தாம் வகுப்பு தேறிய நம் இளைஞர்களும் இளம்பெண்களும் தாமே தயாரிக்கட்டும். பொறியாளர் ஒருவர் அதைச் சரிபார்க்கட்டும். சரக்கு வரும் ஒவ்வொரு நாளும் இருவர் முறைவைத்து நின்று அளந்து எழுதட்டும். கொத்தனாராகவும் சித்தாளாகவும் அனுபவம் பெற்ற நம் மூத்தோர் அவர்கள் அருகில் அமர்ந்து கைப்பழக்கத்தைக் கற்பிக்கட்டும். ஓர் அளவு நாடா, ஒரு மரப்பெட்டி, ஒரு கண்ணாடிக் குவளை, ஒரு குறிப்பேடு ஆகிய இந்நான்கும் போதும்; தொடங்கிவிடலாம்.

கட்டடம் முடிந்தபின் அக்குறிப்பேட்டைப் படிப்பகத்தின் நூல் அலமாரியில் முதல் நூலாக வைப்போம். நம் கையால் சுமந்ததை நம் கையாலேயே அளந்து, நம் எழுத்தாலேயே பதிந்தோம் என்பதை அது வருங்காலத்திற்குச் சொல்லட்டும்.